ஒரே ஒரு செடி என்று சொல்லிவிட்டு

ராஜமுந்திரியைத் தாண்டி ஆட்டோ 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறியதும் சாலையின் இரு பக்கமும் கடைகள் குறைந்து செடிகள் வரத் தொடங்கின. ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, அடுத்து அரை ஏக்கருக்குப் பாக்குக் கன்றுகள். மறுபடி ஒரு சிமெண்டுக் கடை, அதன் பின்னால் கண்ணுக்கெட்டிய வரை பச்சை நிழல்வலை. மார்கழிக் காலை, பனி இன்னும் விலகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா தலையை வெளியே நீட்டி, “மாப்ள, அங்க பாரு, பிஸ்மார்க் பனை!” என்றார். நான் திரும்புவதற்குள் அது போய்விட்டது. அடுத்தது வந்தது, அதற்கும் ஒரு பெயர் சொன்னார்.

பெரம்பூரில் மாமா வீட்டு மொட்டை மாடியில் இனி இடமில்லை என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணியின் படிகளில்கூடச் செடிகள் உட்கார்ந்திருக்கின்றன. “ஒரே ஒரு செடி. ஒரு மாங்கன்று. அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது” என்று அத்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் சர்க்கார் எக்ஸ்பிரஸில் ஏறினார். அத்தை என்னைக் கூட அனுப்பியது காவலுக்கு. காவல்காரன் வீட்டு பால்கனியிலும் கால் வைக்க இடமில்லை என்பதை அத்தை மறந்துவிட்டார்.

கடியம், கடியபுலங்கா, புர்ரிலங்கா, வேமகிரி என்று அடுத்தடுத்து இருக்கும் ஊர்களைச் சேர்த்துத்தான் செடிக்காரர்கள் மொத்தமாகக் ‘கடியம்’ என்கிறார்கள். சென்னையில் ஈ.சி.ஆர். ஓரத்து நர்சரியில் நீங்கள் வாங்கிய குரோட்டனோ இட்லிப்பூவோ இங்கிருந்து ராத்திரி லாரியில் வந்ததாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. அந்த நர்சரிக்காரர்கள் மாதாமாதம் சரக்கு எடுக்க வருவது இங்கேதான். அவர்கள் வாயிலிருந்து இந்த ஊரின் பெயரை ஒருமுறை கேட்டுவிட்டார் மாமா. அன்றிலிருந்து அவருக்கு இங்கே வரும் ஆசை.

ஏன் இந்த இடத்தில் இவ்வளவு செடி? வாய்க்கால் பாலம் ஒன்றை ஆட்டோ கடந்தபோது பாதி பதில் கிடைத்தது. பக்கத்திலேயே தவளேஸ்வரம். கோதாவரியின் குறுக்கே அங்கே அணைக்கட்டு 1852இல் கட்டி முடிந்தது. கட்டியவர் ஆர்தர் காட்டன், 1830களில் முக்கொம்பில் கொள்ளிடத்துக்கு மேலணை கட்டிய அதே எஞ்சினியர். காவிரியில் கைபழகிய வேலையைக் கோதாவரியில் பெரிதாகச் செய்தார். இந்தப் பக்கத்து விவசாயிகள் அவர் சிலைக்கு இன்றும் மாலை போடுகிறார்கள். அந்த அணையிலிருந்து பிரியும் கால்வாய்த் தண்ணீர், ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்று, வாசலிலேயே சென்னை கொல்கத்தா நெடுஞ்சாலை. நெல் விளைந்த பூமியில் நெல்லைவிட பாலிதீன் பையில் வைத்த செடி அதிகம் கொடுத்தால் விவசாயி எதைப் போடுவார்?

அந்த வாய்க்கால் ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. ஊதாப் பூக்கள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. தென் அமெரிக்கச் செடி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் யாரோ அழகுக்கு ஆசைப்பட்டு வங்காளத்துக்குக் கொண்டுவந்தது, பிறகு யார் கொண்டுபோகவும் காத்திராமல் நாடு முழுக்க ஏரி குளங்களை அடைத்துக்கொண்டது. இதை மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பூ நல்லாத்தான இருக்கு” என்றார்.

கடியபுலங்கா பூச்சந்தையில் நாங்கள் இறங்கியபோது வியாபாரம் முடியும் கட்டம். கோணிக் கோணியாகச் சாமந்தி, துலுக்கச் சாமந்தி, கனகாம்பரம். பூவில் மாமாவுக்கு நாட்டமில்லை. பறித்த பூ நட்டால் முளைக்காது. மூட்டைகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து எதிர்ப்புறம் போய்விட்டார்.

முதலில் நுழைந்த நர்சரி மொத்த வியாபாரம். வாசலில் ஒரு லாரி நின்றது, மத்தியப் பிரதேசப் பதிவு எண். பலகை போட்டு அடுக்கடுக்காகச் செடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடித்தட்டில் வேரைச் சுற்றி மண்ணுருண்டை கட்டிய பெரிய கன்றுகள், மேல் தட்டுகளில் கையகலப் பைகள். உள்ளே நிழல்வலைக்குக் கீழே பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து பையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். இடது கை பையின் வாயை விரிக்கும், வலது கை மண்ணை அள்ளிப் போடும், தரையில் ஒரு தட்டுத் தட்டி மண் இறங்கியதும் பை பின்னால் போய்விடும். பேச்சு நிற்கவே இல்லை, கையும் நிற்கவில்லை. நாம் கடையில் பார்க்கும் எல்லாச் செடியும் இப்படி ஒருத்தியின் கை பட்டுத்தான் தொடங்குகிறது. அவளுடைய ஊர்ப் பெயர்கூடச் செடியோடு வருவதில்லை.

மாமா ரயில்வேயில் இருந்தபோது சில வருஷம் விஜயவாடாவில் வேலை பார்த்தவர், தெலுங்கு சரளம். மேற்பார்வையாளரிடம் ஒரு அலமண்டா எவ்வளவு என்று கேட்டார். “நூறா, ஐநூறா சார்?” என்றார் அவர். ஒன்று என்றதும் அந்த மனிதர் முகத்தில் வந்த சிரிப்பில் கேலி இல்லை, இரக்கம் இருந்தது. சில்லறைக்குக் கொடுக்கும் தோட்டங்கள் உள்ளே தள்ளி இருக்கின்றன என்று கை காட்டினார். விடைபெறும்போது மாமா கையில் அந்த அலமண்டா இருந்தது. பணம் வாங்க மறுத்துவிட்டார்களாம். “இது கணக்குல வராது. வாங்கினாத்தான் கணக்கு.”

உள்ளே போகும் மண் பாதை மிக நன்றாக இருந்தது. ஒரு தோட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் வேலி கிடையாது, ஒரு வரிசை டுராண்டாவோ வாய்க்காலோதான் எல்லை. ஒருவரிடம் அரளி மட்டும், ஒருவரிடம் இட்லிப்பூவிலேயே ஏழெட்டு நிறம், இன்னொருவரிடம் வெறும் புல். சதுரமாக வெட்டிச் சுருட்டிய புல்தரை. குடியரசு நாள், புத்தாண்டு வந்தால் இந்த ஊர்க்காரர்கள் வண்ணச் செடிகளை அடுக்கி எழுத்தும் உருவமுமாகக் கோலம் போடுவதுண்டு. ஒரு தோட்டத்தில் அதற்கான வரைவைச் சுண்ணாம்பில் போட்டுவைத்திருந்தார்கள். எந்த எழுத்து என்று புரியவில்லை.

மாங்கன்று தோட்டத்தில்தான் மாமா நின்றார். இளைஞர் ஒருவர் ஓடிவந்து, மாமாவின் கையிலிருந்த அலமண்டாவைப் பார்த்ததும் ஆளை எடைபோட்டுவிட்டார். நேராக மூலையில் தனியாக வைத்திருந்த கன்றுகளுக்குக் கூட்டிப்போனார். “மியாசாகி சார். ஜப்பான். கிலோ லட்சக்கணக்கில்.”

அத்தைக்கு வாக்குக் கொடுத்த அந்த ஒரே செடி இதுதான். இந்தியா முழுக்க வீட்டுத் தோட்டக்காரர்களைப் பிடித்து ஆட்டும் பெயர் இன்றைக்கு இதைப் போல் வேறில்லை. ஜப்பானின் மியாசாகி மாநிலத்தில் பசுமைக் கூடாரத்துக்குள் வளர்த்து, ஒவ்வொரு பழத்துக்கும் வலை கட்டி, அது தானாகக் காம்பு விட்டு வலையில் விழும் வரை காத்திருக்கிறார்கள். 350 கிராமுக்குக் குறையக் கூடாது, இனிப்பு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்க வேண்டும், நிறம் ஒரே சிவப்பாக இருக்க வேண்டும். எல்லாம் தேறினால்தான் ‘சூரியனின் முட்டை’ என்ற முத்திரை. 2019இல் பருவத்தின் முதல் ஏலத்தில் ஒரு ஜோடி 5 லட்சம் யென்னுக்குப் போனது. நம் ஊர் வாட்ஸப்பில் சுற்றும் விலையெல்லாம் அந்த ஏலத்தின் எதிரொலி. விலை பழத்துக்கு என்பதைவிட அந்தக் கூடாரத்துக்கும், வலைக்கும், முத்திரைக்கும், முதல் நாள் ஏலத்தின் கௌரவத்துக்கும்தான்.

மரத்தின் கதை வேறு. ஜப்பானியர் அங்கே வளர்ப்பது இர்வின் என்ற ரகம். அது ஜப்பானில் பிறந்ததல்ல, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1940களில் பெயர் பெற்றது. அதன் தாய் லிப்பன்ஸ் என்ற இன்னொரு ஃபுளோரிடா மரம். லிப்பன்ஸின் தாய் ஹேடன் என்று சொல்கிறார்கள். ஜான் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி 1902இல் மயாமிக்குப் பக்கத்தில் விதை போட்டு எடுத்த மரம் அது. அவர் போட்ட விதை முல்கோபா என்ற மாமரத்துடையது. முல்கோபா எங்கிருந்து வந்தது? 1889இல் இந்தியாவிலிருந்து ஒட்டுக்கன்றாகக் கப்பலேறிப் போனது. ஆக, ஜப்பான் அதிசயத்தின் கொள்ளுப்பாட்டி நம் நாட்டுக்காரி. அவள் பெயரைக் கேட்டால் சேலத்துக்காரர்களுக்கு மல்கோவா ஞாபகம் வரும். பெயர் ஒன்றானாலும் மரம் ஒன்றுதானா என்பது வேறு விஷயம். நூற்றிச் சொச்சம் வருஷத்தில் ஃபுளோரிடா போய், மகளாகி, பேத்தியாகி, கொள்ளுப்பேத்தியாகி, ஜப்பானுக்குக் கப்பலேறி, பட்டமும் வாங்கிக்கொண்டு, தாய்லாந்து வழியோ கொல்கத்தா வழியோ கோதாவரிக் கரைக்கு ‘புது வெரைட்டி’ என்று வந்து நிற்கிறாள்.

இவ்வளவையும் அந்தக் கன்றின் முன்னால் நின்று மாமாவிடம் சொன்னேன். ஆர்வம் கொஞ்சம் தணியும் என்ற நம்பிக்கையில். மாமாவின் கண் பளபளத்தது. “அப்போ இது நம்ம வீட்டுப் பொண்ணு. கண்டிப்பா வாங்கணும்.”

வாங்கும் முன் அவர் பார்த்த முறையைச் சொல்ல வேண்டும். உயரமான கன்றை அவர் தொடவே இல்லை. பூவோடு நின்ற இன்னொன்றையும் ஒதுக்கினார். பையில் பூத்த கன்று களைத்துப் போயிருக்கும், வேர் பிடிக்க வேண்டிய நேரத்தில் பூ என்ன வேண்டிக்கிடக்கிறது என்பது அவர் கட்சி. குட்டையாக, புதுத் துளிர் இறங்கியிருந்த ஒன்றை எடுத்தார். இலையைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நரம்போரம் பார்த்தார். செதில் பூச்சி அங்கேதான் ஒட்டியிருக்கும். இலைக்காம்பு தண்டில் சேரும் இடுக்கில் பஞ்சுபோல் ஏதாவது தெரிந்தால் மாவுப்பூச்சி, அந்தச் செடியை மட்டுமல்ல, பக்கத்து வரிசையையும் வாங்க மாட்டார். பையின் அடியில் ஓட்டை வழியே வேர் எட்டிப் பார்க்கிறதா என்று தடவினார். வெள்ளை நுனி தெரிந்தால் நல்லது, கயிறு கயிறாகச் சுற்றியிருந்தால் கன்று ரொம்ப நாளாக விற்காமல் கிடக்கிறது. கடைசியில் ஒட்டுக்கட்டைத் தேடினார். தண்டில் மண்ணுக்குச் சில அங்குலம் மேலே ஒரு வடு, வடுவுக்குக் கீழே பட்டை ஒரு நிறம், மேலே இன்னொரு நிறம். அது இருந்தால்தான் ஒட்டு. தெருவில் மினி வேனில் வந்து விற்பவர்களிடம் பாதிக்குப் பாதி கொட்டை போட்டு முளைத்த கன்று, பெயர்ப் பலகை மட்டும்தான் ஒட்டு. அதில் எந்தப் பழம் வரும், எத்தனை வருஷம் கழித்து வரும் என்று விற்றவருக்கே தெரியாது.

ஒட்டுக் கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதும் அந்த இளைஞர் பின்பக்கத்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் நாட்டு மாங்கொட்டை போட்டு முளைத்த கன்றுகள், தண்டு பென்சில் தடிமன். பக்கத்தில் ஈரக் கோணியில் சுற்றிய குச்சிகள், நல்ல மரத்திலிருந்து வெட்டியவை. குச்சியை வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே மரத்திலேயே அதன் இலைகளைக் கிள்ளிவிடுவார்களாம். இலை போனதும் நுனி மொட்டு உப்பிக்கொண்டு வெடிக்கத் தயாராக இருக்கும். அந்த நிலையில்தான் எடுக்க வேண்டும். முன்னே எடுத்தால் தூங்கும், பின்னே எடுத்தால் துளிர்த்து வாடும்.

கத்தி சின்னது, சவர பிளேடின் கூர்மை. கன்றின் தலையை ஒரே வெட்டில் எடுத்தார். வெட்டிய முனையின் நடுவில் கீழ்நோக்கி ஒரு பிளவு, இரண்டு விரல் ஆழம். குச்சியின் அடியை இரு பக்கமும் சீவி ஆப்பாக்கினார். இரண்டே சீவல், மூன்றாவது இல்லை. சீவிய இடத்தில் விரல் படக் கூடாது என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். ஆப்பைப் பிளவில் இறக்கி, ஒரு பக்கத்துப் பட்டை கீழிருக்கும் பட்டையோடு நேராக வருகிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார். பட்டைக்கு உட்புறம் இருக்கும் அந்த மெல்லிய பச்சைப் படலம்தான் சேரும் இடம். மரக்கட்டை மரக்கட்டையோடு சேராது. குச்சி ஒல்லியாக இருந்தால் இரண்டு பக்கமும் சேர்க்கப் பார்க்காமல் ஒரு பக்கத்தை ஒழுங்காகச் சேர்த்தால் போதும். பிறகு பாலிதீன் நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றினார். எல்லாம் முடிந்ததும் மேலே ஒரு நீள பிளாஸ்டிக் உறையைத் தொப்பியாக மாட்டிவிட்டார். பார்த்த உறையாக இருக்கிறதே என்று யோசித்தேன். ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாசலில் ஐம்பது காசுக்கு விற்றார்களே, அந்தப் பாக்கெட் ஐஸ் ஊற்றும் குழல். உள்ளே ஈரம் நிற்கும், குச்சி காயாது. இரண்டு மூன்று வாரத்தில் உறைக்குள்ளேயே துளிர் தெரிந்தால் தொப்பியைக் கழற்றிவிடலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை கட்டுவீர்கள் என்று கேட்டேன். கட்டுவதைக் கேட்காதே, பிடிப்பதைக் கேள் என்றார். எத்தனை பிடிக்கும்? மழைக்காலத்துக் கட்டில் கைக்குப் பழக்கம் இருந்தால் பெரும்பாலானது பிடிக்கும், வெயிலில் கட்டினால் கடவுள் விட்ட வழி. மாமா அவர் கத்தியைக் கேட்டு வாங்கி நகத்தில் வைத்துப் பார்த்தார். அந்த மாதிரிக் கத்தி எங்கே கிடைக்கும் என்ற விசாரணை தொடங்கியது. செடியோடு நின்றால் பரவாயில்லை.

மியாசாகியோடு திரும்பியிருக்கலாம். திரும்பும் வழியில் காகிதப்பூ இருந்தது. மேரி பாமர் என்ற ரகத்தில் ஒரே கொடியில் சில கிளையில் வெள்ளை, சில கிளையில் கருஞ்சிவப்பு, சில கொத்தில் இரண்டும் பாதிப் பாதி. கொல்கத்தாவில் ஒரு செடியின் ஒரு கிளை தானாக நிறம் மாறியதைக் கண்டுபிடித்துப் பெருக்கியது. யாரோ ஒரு தோட்டக்காரர் அந்தக் கிளையைப் பார்த்து, வெட்டிப் போடாமல் நின்றதால் வந்த செடி. காகிதப்பூவே நமக்குப் பிரேசிலிலிருந்து வந்தது. 1760களில் பிரெஞ்சுக் கடற்பயணி பூகன்வில்லின் கப்பலில் வந்த தாவரவியலாளர் கொமெர்சோன் ரியோவில் அதைச் சேகரித்தார், கப்பல் தலைவனின் பெயர் செடிக்குப் போனது. கொமெர்சோனுக்கு உதவியாளராக ஆண் வேடத்தில் வந்து, செடிப் பெட்டிகளைச் சுமந்து மலையேறியவர் ஷான் பாரே என்ற பெண். உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று வரலாறு இன்று சொல்வது அவரைத்தான். ஒரு புதுச் செடிக்காக இரண்டு பேர் அவ்வளவு தூரம் போயிருக்கும்போது பெரம்பூரிலிருந்து கடியம் வருவது ஒன்றும் பெரிதில்லை என்று மாமா வாதாடினார். மேரி பாமரும் சேர்ந்தது.

அடுத்த தோட்டம் முழுக்க அறைக்குள் வைக்கும் செடிகள். எனக்கு ஒத்துவராத பகுதி, வேகமாக நடந்தேன். 2020இல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தபோது இலையில் வெள்ளைத் திட்டு விழுந்த மான்ஸ்டெராவுக்கும் பிலோடென்ட்ரானுக்கும் உலகம் முழுக்க விலை எகிறியது. ஒரே ஓர் இலை, ஒரு கணு, ஆயிரக்கணக்கில். அந்த வெள்ளை பச்சையம் இல்லாத இடம். அங்கே செடி சமைக்காது, பச்சை இலை சம்பாதித்து அதற்குச் சாப்பாடு போடுகிறது. பல ரகங்களில் அந்த வெள்ளை நிலையானதும் இல்லை, ஒரு நாள் செடி முழுப் பச்சைக்குத் திரும்பிவிடும். இதைவிட மோசம் பிங்க் காங்கோ என்று விற்றது. இலை முழுக்க ரோஜா நிறம். அந்த நிறத்தைச் செயற்கையாக வரவழைத்து விற்றார்கள். சில மாதத்தில் புதுத் துளிரெல்லாம் சாதாரணப் பச்சையாக வந்தது. பச்சை ரோஜா விதை, நீல வெண்டை விதை என்று ஆன்லைனில் வருவதெல்லாம் இந்த வகையறாதான். செடி ஆசைக்காரனின் பலவீனம் விற்பவனுக்குத் தெரியும். நம்மிடம் இல்லாதது எதுவோ அதுதான் அழகு.

இங்கே மாமாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியம் வரவில்லை. “இலைக்கு எதுக்குக் காசு? பூக்கணும், இல்ல காய்க்கணும்” என்று அவரே தாண்டிவிட்டார். ஒவ்வொரு பைத்தியத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

சாலையோரம் ஒரு வரிசை லாந்தானா, குட்டை ரகம், மஞ்சளும் ஊதாவும். கட்டு கட்டாக விற்பனைக்கு. நாம் உண்ணிச்செடி என்போமே அதன் உறவுக்காரி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காக வந்த அமெரிக்கச் செடி, இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டின் அடித்தளத்தையே பிடித்துக்கொண்டு புல்லை வரவிடுவதில்லை. யானைக்கும் மானுக்கும் அந்தப் புல் போனது போனதுதான். நீலகிரிப் பழங்குடி மக்கள் அந்தக் குச்சிகளை வெட்டியெடுத்து நிஜ அளவிலேயே யானைகள் செய்து லண்டன் வரை அனுப்பினார்கள். அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. கொஞ்ச தூரத்தில் கோனோகார்பஸ் நின்றது. பத்துப் பதினைந்து வருஷமாக நகராட்சிகளும் அடுக்குமாடிக்காரர்களும் விரும்பி நட்ட சுவர் மரம், எந்த வெயிலிலும் பச்சை. குஜராத் அரசு 2023இல் அதை நர்சரியில் வளர்க்கவே கூடாது என்றது. நான் பார்த்த வரிசையில் கன்றுகள் பழசாகி உயர்ந்து நின்றன. வாங்க ஆளில்லை என்றார் காவலுக்கு இருந்தவர். போன வருஷத்துப் புதுமை, இந்த வருஷத்துச் சுமை.

புதுசு வாங்குகிறவர் யோசித்து வாங்க வேண்டும் என்று மாமாவிடம் ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. “சிவன் கோயில்ல நாகலிங்க மரம் இருக்கே, அது எந்த ஊரு? தென் அமெரிக்கா. ரசத்துல மிளகாய்? அதுவும் அமெரிக்கப் பக்கம்தான். எவனோ ஒருத்தன் முதல்ல ஆசைப்பட்டான்.” அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நாகலிங்கத்தையும் உண்ணிச்செடியையும் கொண்டுவந்தவர்களின் ஆசையில் வித்தியாசம் இருந்திருக்காது. வித்தியாசம் செடியில் இருந்தது. ஒன்றின் விதை எங்கே விழுந்தாலும் மண்டியது, மற்றது வைத்த இடத்தில் நின்றது. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அது. எந்த நர்சரியிலும் யாரும் கேட்பதில்லை, நானும் அதுவரை கேட்டதில்லை.

ஒரு தோட்டத்தில் கிரேன் நின்றிருந்தது. பெரிய பெரிய மரங்கள், கோணியும் கயிறும் சுற்றிய மண்ணுருண்டைகளோடு. முறுக்கிய தண்டுள்ள ஃபைகஸ், மேகம் மேகமாகக் கத்தரித்த ஏதோ ஒன்று, வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரில் வந்தவை என்றார்கள். விலையைக் கேட்கத் துணிவில்லை. இதை எனக்குப் பிடிக்கவில்லை. மனை போடும்போது இருந்த வேம்பையும் புங்கையும் தோண்டி எறிந்துவிட்டு, வாசலில் நிற்க வைக்க முப்பது வயது மரத்தை விலைக்கு வாங்குகிறவர் தோட்டக்காரர் இல்லை. அவருக்குக் காத்திருக்கத் தெரியாது. மாமா எத்தனை செடியைக் கொன்றிருந்தாலும், விரல் நீளக் குச்சி துளிர்க்கிறதா என்று தினமும் காலையில் போய்ப் பார்க்கிறவர்.

கொன்றிருக்கிறார், நிறைய. கோதாவரிக் களிமண் உருண்டையோடு வரும் செடியை அப்படியே தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால், தண்ணீர் உருண்டையைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும், உள்ளே வேர் காய்ந்தே சாகும். சென்னை நர்சரிச் செடிகள் வீட்டுக்கு வந்து மாதம் ஒன்றில் சாவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மாமா இப்போது வாளித் தண்ணீரில் ஊறவைத்து வெளிச்சுற்று மண்ணை மட்டும் கரைத்தெடுக்கிறார். வந்த செடியை உடனே மற்றவற்றோடு சேர்ப்பதுமில்லை, மாடிப்படித் திருப்பத்தில் சில வாரம் தனியாக வைக்கிறார். அப்படியும் டேலியாவும் பெட்டூனியாவும் பங்குனி வெயிலைத் தாண்டுவதில்லை. அடினியம் வெயிலைத் தாங்கும், ஐப்பசி மழையில் அடிக்கிழங்கு அழுகும். போர்த் தண்ணீரின் உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்ததும் அசேலியா போய்விட்டது. செத்த செடிக்காக அவர் வருந்திப் பார்த்ததில்லை. “இடம் விட்டுட்டுப் போகுது பாவம்” என்பார். அத்தைக்குக் கோபம் வருவது இந்த வாக்கியத்துக்குத்தான்.

மத்தியானம் தாண்டி, ஒட்டுக் கட்டுபவர் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்த ஒரு பெரியவரின் வீட்டைக் கண்டுபிடித்தோம். சின்னத் தோட்டம், முன்பக்கம் செம்பருத்திக் கன்றுகள் மட்டும். பெரியவருக்குத் தமிழும் கொஞ்சம் வந்தது, தமிழ்நாட்டு வியாபாரிகளோடு பழகிப் பழகி வந்தது. மாமா ஒவ்வொரு கன்றாகப் பார்த்துவிட்டு, இதெல்லாம் தன்னிடம் இருக்கிறது என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. பெரியவர் அதை ரசிக்கவில்லை. உங்களிடம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம் என்றார்.

மாமா சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதப் பொட்டலங்களை எடுத்தார். ரயிலில் வரும்போது நான் பார்க்காதவை. ஒன்றில் அடுக்குச் சங்குப்பூ விதை, வெள்ளை. நீல அடுக்கு எல்லோரிடமும் இருக்கும், வெள்ளை அடுக்கு அவ்வளவாகக் கிடைப்பதில்லை. பெரியவர் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார், விதையை உள்ளங்கையில் உருட்டினார், ஒன்றைக் கீழே தவறவிட்டு மண்ணில் தேடி எடுத்தார். ஏக்கர் கணக்கில் செடி இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் பத்து விதைக்கு இப்படிக் கண்ணை விரித்ததைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

பிறகுதான் எங்களை வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். கிணற்றடியில், துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், விற்பனைக்கு இல்லாத செடிகள். அவர் மகன்கள் வியாபாரம் பார்க்கிறார்கள், இது அவருடைய சொந்தக் கணக்கு. நடுவில் ஒரு செம்பருத்தி, தட்டு அகலப் பூ, காப்பிப்பொடி நிற இதழ், நடுவில் கருநீலம் கசிந்த கண். அவரே தூரிகையால் மகரந்தம் தடவி, விதை எடுத்து, முளைத்ததில் இதை மட்டும் வைத்துக்கொண்டாராம். பெயர் வைக்கவில்லை. மாமா பேசவே இல்லை, பூவின் பின்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“கட்டிங் தர்றீங்களா?”

“வேர் விடாது. நாட்டுச் செவப்பு மேலதான் ஒட்டணும். ஆடி மாசம் மழை வந்ததும் கட்டி வைக்கிறேன். வந்து வாங்கிக்கணும். லாரில அனுப்ப மாட்டேன்.”

“எவ்வளவு?”

பெரியவர் விலை சொல்லவில்லை. வெள்ளை அடுக்கு பூத்த பிறகு அதன் விதை திரும்ப வேண்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம், என்னிடம் இருக்கிறது என்றார் மாமா. அப்புறம் ஆரம்பித்தது. சங்குப்பூவில் வெளிர்ஊதா அடுக்கு பார்த்திருக்கிறீர்களா? வில்லிவாக்கத்தில் ஒருத்தரிடம் இருக்கிறது. அவர் கொடுப்பாரா? கேட்டுப் பார்க்கலாம், அவருக்கு மஞ்சள் தாமரைக் கிழங்கு வேண்டும், அது கிடைத்தால் கொடுப்பார். தாமரைக் கிழங்கு இந்த ஊரில் யாரிடம் இருக்கிறது? புர்ரிலங்காவில் ஒருவர் தொட்டி வைத்திருக்கிறார், ஆனால் அவர் சும்மா தர மாட்டார்.

நாங்கள் வாங்கியவற்றை அன்று ராத்திரி சென்னைக்குப் போகும் நர்சரி லாரியின் மேல் தட்டில் ஏற்றிக்கொள்வதாக முன்பே பேசியிருந்தோம். டிரைவர் என் போனுக்கு அழைத்தார், லோடு முடிந்துவிட்டது, செடி எங்கே என்று. மாமாவைப் பார்த்தேன். பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள் குரல் கொடுத்து பைக் சாவி கேட்டுக்கொண்டிருந்தார். புர்ரிலங்கா பக்கம்தானாம். டிரைவரிடம் இன்னும் ஒரு மணி நேரம் கேட்டேன்.